தளம் திறக்கவில்லை: பழுதா, முடக்கமா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செய்தித் தளம் என் கணினியில் திறக்காமல் போனது. சர்ச்சைக்குப் பேர்போன தளம். அதனால் எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. எனக்கு இணைப்பு தரும் இணைய நிறுவனம் முடக்கிவிட்டது என்று முடிவுகட்டி, உதவி எண்ணில் இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். எதிர்முனையில் பேசியவர் பொறுமையாக, "ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் வேறு எதற்கோ ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்தேன்; எந்தத் தளப் பெயருக்கு எந்த எண் என்று கணினிக்குள்ளேயே எழுதி வைக்கும் பட்டியல் அது. சொந்தக் கணினியையே குறிக்கும் 127.0.0.1 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அந்தத் தளத்தின் பெயர் உட்கார்ந்திருந்தது. வேலை நேரத்தில் அதையே படித்துக்கொண்டிருக்கிறேன் என்று என்றோ ஒருநாள் நானே எழுதி வைத்த வரி!

அதற்குப் பிறகு நிஜமான முடக்கங்களையும் பார்த்தாயிற்று. அப்போதும் உதவி எண்ணில் கிடைத்த பதில் அதேதான்: ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் பழுதும் முடக்கமும் ஒரே முகத்தோடுதான் வரும். "ஆமாம், முடக்கியிருக்கிறோம்" என்று வெளிப்படையாகப் பக்கம் போட்டுச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. பழுதுபோல வேடமிட்டு வரும் முடக்கங்களும் நிறைய. ஆனால் எந்த வேடமானாலும், இணைப்பு எந்தப் படியில் முறிகிறது என்பதை மறைப்பது கடினம். அந்தப் படியைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மொத்தம் நான்கு படி. தளத்தின் பெயரைக் கொடுத்து, இணையத்தில் அதன் முகவரியான ஐபி எண்ணை பிரவுசர் கேட்டு வாங்குகிறது, இது டிஎன்எஸ். பிறகு அந்த எண்ணுக்கு இணைப்புப் போடுகிறது. மூன்றாவதாகப் பூட்டு மாட்டும் படி, அதாவது டிஎல்எஸ்: நடுவில் இருப்பவருக்குப் புரியாதபடி இருபக்கமும் மறையாக்கம் செய்துகொள்கின்றன. கடைசியில்தான் பக்கத்தைக் கேட்டு வாங்குவது. இணைய நிறுவனம் இதில் எந்தப் படியில் வேண்டுமானாலும் குறுக்கே கை வைக்கலாம். முதல் படியில் வைப்பதுதான் மலிவு. அதனால்தான் அதை அதிகம் பார்க்கிறோம்.

யார்மீதும் பழி போடுவதற்கு முன்

வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். வீட்டு இணைப்பும் மொபைலும் ஒரே நிறுவனத்துடையதாக இருந்தால் இந்தச் சோதனையில் பலன் குறைவு; வேறு நிறுவன இணைப்பு வைத்திருக்கும் நண்பரிடம் கேளுங்கள். அங்கேயும் திறக்கவில்லை என்றால் தளமே படுத்திருக்கலாம். சர்ச்சைக்குரிய தளங்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஹோஸ்டிங், அதாவது தளத்துக்கு சர்வரில் இடம், கொடுத்தவர் கைகழுவியிருப்பார், இல்லையென்றால் தளத்தின் பெயரான டொமைனின் பதிவு பறிபோயிருக்கும்.

அப்புறம் அதே வைஃபையில் இன்னொரு கருவியில் பாருங்கள். அதில் திறந்தால் கோளாறு உங்கள் கருவிக்குள்தான்: விளம்பரத் தடுப்பான், ஆன்டிவைரஸின் இணைய வடிகட்டி, என்னைப்போல ஹோஸ்ட்ஸ் கோப்பு. எந்தக் கருவியிலும் திறக்காவிட்டால் ரவுட்டரின் பெற்றோர் கட்டுப்பாட்டுப் பகுதியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அலுவலகம், விடுதி, நூலக வைஃபை என்றால் முடக்கியவர் பெரும்பாலும் அந்த இடத்து நிர்வாகிதான். இணைய நிறுவனத்துக்கு அதில் சம்பந்தம் இருக்காது.

இவ்வளவும் தாண்டி வந்துவிட்டால், கீழே உங்கள் அறிகுறி எது என்று பாருங்கள்.

அறிகுறி: "இந்தத் தளம் தடை செய்யப்பட்டுள்ளது" என்று பக்கமே சொல்கிறது

நேர்மையான முடக்கம். இதில் துப்பறிய ஒன்றும் இல்லை. பக்கத்தில் உத்தரவு எண், நீதிமன்றத்தின் பெயர், மேல்முறையீட்டு முகவரி ஏதாவது இருந்தால் அப்படியே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். உலகத்தில் எங்கிருந்து திறந்தாலும் அதே அறிவிப்புதான் என்றால், அது இணைய நிறுவனம் போட்டதல்ல. டொமைன் பெயரையே அரசு அமைப்பு கைப்பற்றியிருக்கிறது. அமெரிக்க அமைப்புகள் டாட் காம் பெயர்களை இப்படிப் பல முறை கைப்பற்றியிருக்கின்றன. அந்தப் பெயர்களின் பதிவேடு அமெரிக்காவில் இருக்கும் வெரிசைன் நிறுவனத்திடம் இருப்பதால் அது அவர்களுக்கு எளிது. அந்த நிலையில் நீங்கள் டிஎன்எஸ்ஸை மாற்றினாலும் ஒன்றும் ஆகாது.

451 என்ற எண்ணோடு பக்கம் வந்தால், "சட்டக் காரணத்தால் தர முடியாது" என்று பொருள். 2016 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 7725 என்ற ஆவணத்தின் மூலம் இது தரமாக்கப்பட்டது. யார் தடுத்தார்கள் என்பதையும் பதிலின் தலைப்பில் சேர்த்துச் சொல்ல அதில் வசதி இருக்கிறது. 451 வந்தாலே இணைய நிறுவனத்தின் வேலை என்று நினைக்காதீர்கள். 2018 மே மாதம் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டமான ஜிடிபிஆர் நடைமுறைக்கு வந்தபோது, சில அமெரிக்கச் செய்தித் தளங்கள் ஐரோப்பிய வாசகர்களுக்கு இதே 451-ஐக் காட்டிக் கதவைச் சாத்தின. சாத்தியது தளம்தான்.

அறிகுறி: "இப்படி ஒரு தளமே இல்லை" என்கிறது பிரவுசர்

குரோமில் "டிஎன்எஸ் புரோப் ஃபினிஷ்ட்" என்று தொடங்கும் பிழை. பயர்பாக்ஸில் "அந்தத் தளத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற வகை வாசகம். முதல் படியிலேயே சறுக்கல்.

கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் அல்லது டெர்மினலைத் திறந்து, என்எஸ்லுக்கப் (nslookup) என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டுத் தளத்தின் பெயரைக் கொடுங்கள். உங்கள் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் என்ன பதில் தருகிறது என்று தெரியும். அதே கட்டளையின் கடைசியில் இன்னொரு இடைவெளி விட்டு 8.8.8.8 அல்லது 9.9.9.9 சேர்த்துத் தட்டுங்கள். முதலாவது கூகுளின் பொது டிஎன்எஸ், இரண்டாவது குவாட்9 நடத்துவது. இப்போது இரண்டு பதில் கையில் இருக்கிறது.

நிறுவனத்தின் டிஎன்எஸ் "இல்லை" என்கிறது, வெளி டிஎன்எஸ் எண் தருகிறது என்றால், சந்தேகம் வலுக்கிறது. நிறுவனத்தின் பதில் 127.0.0.1, 0.0.0.0 போன்ற உதவாத எண்ணாக இருந்தாலோ, "10." அல்லது "192.168." என்று தொடங்கும் உள்வீட்டு எண்ணாக இருந்தாலோ, அது பெரும்பாலும் பொய்யான பதில். இன்னும் உறுதி வேண்டுமா? முடக்கப்பட்டதாக நீங்கள் கேள்விப்பட்ட, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு மூன்று தளங்களின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எண் வந்தால், அந்த எண்ணில் இருப்பது தடை அறிவிப்புப் பக்கத்தின் சர்வர்தான்.

இரண்டு பதிலிலும் வேறு வேறு எண் வந்தால் மட்டும் துள்ளிக் குதிக்க வேண்டாம். பெரிய தளங்கள் கேட்பவர் இருக்கும் இடத்தைப் பொறுத்து வெவ்வேறு எண் தருவது வழக்கம். எண் வேறுபடுவது சாட்சி ஆகாது. அந்த எண்ணில் தளம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சரி, டிஎன்எஸ்தான் காரணம் என்று தெரிந்துவிட்டது. ரவுட்டரிலோ கருவியிலோ டிஎன்எஸ்ஸை இன்னொரு பொது டிஎன்எஸ்ஸான 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றினால் பல இடங்களில் அதோடு தீர்ந்துவிடும். 2014 மார்ச்சில் துருக்கியில் ட்விட்டரை டிஎன்எஸ் வழியாக முடக்கியபோது, மக்கள் 8.8.8.8 என்ற எண்ணைச் சுவர்களில் பெயின்ட்டால் எழுதி ஊருக்கே சொல்லிக்கொடுத்தார்கள். சில நாளிலேயே அங்குள்ள இணைய நிறுவனங்கள் அந்த எண்ணுக்குப் போகும் கேள்விகளையே மடக்கி, தாங்களே கூகுள் போலப் பதில் சொல்ல ஆரம்பித்தன.

அந்தத் தந்திரம் இன்றும் உண்டு. டிஎன்எஸ்ஸை மாற்றிய பிறகும் அதே பொய்ப் பதில் வருகிறதென்றால், டிஎன்எஸ் கேள்விகள் வழக்கமாகப் போகும் எண்ணிட்ட வாசலான 53-ஆம் போர்ட் வழியாகப் போகிறவற்றை யாரோ நடுவில் பிடிக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. என்எஸ்லுக்கப் கட்டளையின் கடைசியில் 192.0.2.1 என்று போடுங்கள். இது ஆவணங்களில் உதாரணம் காட்டுவதற்காகவே ஒதுக்கிவைத்த எண் வரிசையைச் சேர்ந்தது. பொது இணையத்தில் அந்த எண்ணில் எந்த சர்வரும் கிடையாது. ஆகவே பதிலே வரக்கூடாது. பதில் வந்துவிட்டதா? ஆளில்லாத வீட்டிலிருந்து குரல் கேட்டால் என்ன அர்த்தமோ அதுதான் அர்த்தம். பதில் வராவிட்டால் மட்டும் யாரும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. குறிப்பிட்ட சில எண்களை மட்டும் மடக்குபவர்களும் உண்டு.

இதற்கு மருந்து, கேள்வியையே மறையாக்கி அனுப்புவது. ஆண்ட்ராய்டு 9-இலிருந்து "பிரைவேட் டிஎன்எஸ்" என்ற அமைப்பு போனிலேயே இருக்கிறது. பயர்பாக்ஸ், குரோம் இரண்டிலும் "பாதுகாப்பான டிஎன்எஸ்" என்ற அமைப்பைத் தேடினால் கிடைக்கும். போனில் இருப்பது பெரும்பாலும் 853 என்ற தனிப் போர்ட்டில் போகிறது, எனவே அதை மூடுவது சுலபம். பிரவுசரில் இருப்பது மற்ற இணையப் போக்குவரத்தோடு கலந்து 443-இல் போவதால் பிரித்தெடுப்பது சிரமம். பயர்பாக்ஸில் ஒரு சூட்சுமம்: அது தானாகவே இந்த வசதியை இயக்கியிருந்தால், வலைப்பின்னலிடம் ஒரு குறிப்பிட்ட பெயரைக் கேட்டுப் பார்க்கும். "இல்லை" என்று பதில் வந்தால் பேசாமல் வசதியை அணைத்துக்கொள்ளும். நிறுவனங்களுக்கு இது தெரியும். ஆகவே அமைப்புக்குள் போய், கூடுதல் பாதுகாப்பு நிலையை நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள்.

மாற்றிய பின்னும் பழைய பதில் கணினியின் நினைவில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரவுசரை முழுக்க மூடித் திறக்காமல் "மாற்றியும் பலனில்லை" என்று சொல்லாதீர்கள். இதில் நான் ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்திருக்கிறேன்.

அறிகுறி: "உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல" என்ற சிவப்பு எச்சரிக்கை

கணினியின் தேதி, நேரத்தை முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். பொது வைஃபையில் உள்நுழைவுப் பக்கத்தைத் தாண்டாமல் இருந்தாலும் இதே எச்சரிக்கைதான் வரும்.

அதெல்லாம் சரியென்றால், எச்சரிக்கையின் விவரத்தைத் திறந்து சான்றிதழில் யார் பெயர் இருக்கிறது என்று படியுங்கள். ஆன்டிவைரஸின் பெயரா? அது உங்கள் போக்குவரத்தைத் திறந்து பார்க்கிறது. அதன் அமைப்பில் சரிசெய்யுங்கள். இணைய நிறுவனத்தின் பெயரோ, சம்பந்தமில்லாத ஏதோ ஒரு சர்வரின் பெயரோ இருந்தால், உங்களைத் தடை அறிவிப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடப் பார்க்கிறார்கள். பூட்டு மாட்டிய இணைப்பில் அவர்களால் அந்தப் பக்கத்தை ஒழுங்காகக் காட்ட முடியவில்லை, அதனால் பிரவுசர் அலறுகிறது. தளத்தின் முகவரியை பூட்டில்லாத பழைய எச்டிடிபி என்று தட்டிப் பார்த்தால், சில நேரம் மறைந்திருந்த அறிவிப்புப் பக்கம் முழுசாகத் தெரியும்.

"பரவாயில்லை, தொடர்க" என்பதை அழுத்தாதீர்கள். எவராவது "இந்தச் சான்றிதழை நிறுவினால் எல்லாம் திறக்கும்" என்று சொன்னால் அதைவிட வேகமாக ஓடுங்கள். 2019-இல் கஜகஸ்தானில் அரசுச் சான்றிதழ் ஒன்றைக் கருவிகளில் நிறுவச் சொன்னார்கள். நிறுவியவர்களின் பூட்டிய போக்குவரத்தை நடுவில் திறந்து படிக்க அது வழிவிட்டது. கூகுள், மொசில்லா, ஆப்பிள் மூன்றும் தங்கள் பிரவுசர்களில் அந்தச் சான்றிதழைச் செல்லாததாக்கின.

அறிகுறி: தொட்டவுடன் அறுந்து விழுகிறது

"கனெக்‌ஷன் ரீசெட்" என்ற பிழை. எண் சரியாகக் கிடைத்தது, இணைப்பும் ஏற்பட்டது, பூட்டு மாட்டும் நேரத்தில் பட்டென்று துண்டிப்பு. முடக்கங்களில் கொஞ்சம் சாமர்த்தியமான வகை இது.

பூட்டு மாட்டும்போது பிரவுசர் சர்வருக்கு முதலில் ஒரு வணக்கம் சொல்லும். எந்தத் தளம் வேண்டும் என்ற பெயர் அந்த வணக்கத்துக்குள் மறையாக்கம் இல்லாமல், தபால் அட்டையில் எழுதியதுபோல, அப்படியே போகும். ஒரே ஐபி எண்ணில் நூறு தளங்கள் இருக்கலாம், எதற்கான சான்றிதழை நீட்டுவது என்று சர்வருக்குத் தெரிய வேண்டுமே! அந்தப் பகுதிக்கு எஸ்என்ஐ என்று பெயர். நடுவில் இருக்கும் வடிகட்டி அந்தப் பெயரைப் படிக்கிறது, பட்டியலில் இருந்தால் இருபக்கமும் "இணைப்பை முறி" என்று ஒரு போலிச் சேதியை அனுப்புகிறது. சர்வர் முறித்ததாக உங்கள் கணினி நம்பிவிடுகிறது.

அந்தச் சேதி போலி என்பதைக் கடிகாரத்தை வைத்தே காட்டலாம். கட்டளை வழியாகத் தளத்தைத் திறந்து பார்க்கும் கர்ல் (curl) என்ற கருவி மேக்கிலும் விண்டோஸ் 10-இன் 2018-க்குப் பிந்தைய பதிப்புகளிலும் கூடவே வருகிறது. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டில் தட்டுங்கள். பவர்ஷெல்லில் அதே பெயரில் வேறு கருவி ஓடிவிடக்கூடும். விரிவாகக் காட்டச் சொல்லும் "வி" (-v) தேர்வையும், நேரம் போடச் சொல்லும் "ட்ரேஸ்-டைம்" (--trace-time) தேர்வையும் சேர்த்துத் தளத்தின் முழு முகவரியைக் கொடுத்தால், ஒவ்வொரு படியும் நேரத்தோடு ஓடும். உதாரணத்துக்கு இப்படி வந்தது என்று வையுங்கள்:

10:14:02.118 இணைப்பு முயற்சி
10:14:02.301 இணைந்தது
10:14:02.303 வணக்கம் போனது
10:14:02.314 மறுமுனை இணைப்பை முறித்தது

இணைவதற்கு ஆனது 183 மில்லிநொடி. அதாவது ஒரு சேதி அந்த சர்வருக்குப் போய் பதில் திரும்ப ஏறக்குறைய அவ்வளவு நேரம் வேண்டும். ஆனால் முறிக்கும் சேதி 11 மில்லிநொடியில் வந்துவிட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து அவ்வளவு சீக்கிரம் எதுவும் வந்துசேராது. அனுப்பியவர் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறார். இணைவதற்கே 11 மில்லிநொடிதான் ஆனது என்றால் இந்தக் கணக்கு செல்லாது; சர்வரே உங்களுக்கு அருகில் இருக்கலாம்.

அடுத்த சோதனை, பெயரை மாற்றிக் கதவைத் தட்டுவது. கர்ல் கருவியின் "ரிசால்வ்" (--resolve) தேர்வில், யாருக்கும் ஆட்சேபமில்லாத ஒரு தளத்தின் பெயரையும் முடக்கப்பட்ட தளத்தின் ஐபி எண்ணையும் முடிச்சுப் போடுங்கள். "சான்றிதழில் பெயர் பொருந்தவில்லை" என்று பிழை வந்தால் சந்தோஷப்படுங்கள்: சர்வர் வரை போய் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பெயரைத் திருப்பி வைத்ததும் மறுபடி அறுந்தால், எண்ணில் பிரச்சினை இல்லை, பெயரைப் படித்துத்தான் அறுக்கிறார்கள்.

இதற்கு டிஎன்எஸ் மாற்றம் உதவாது. "எல்லா டிஎன்எஸ்ஸும் போட்டுப் பார்த்துவிட்டேன்" என்று புலம்புகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். வணக்கத்தில் உள்ள பெயரையே மறைக்கும் இசிஎச் என்ற ஏற்பாடு 2023-இலிருந்து குரோம், பயர்பாக்ஸில் வந்திருக்கிறது. மறையாக்கிய டிஎன்எஸ்ஸையும் சேர்த்து இயக்குங்கள், தளமும் அதை ஆதரிக்க வேண்டும். வடிகட்டுபவர்களும் சும்மா இருப்பதில்லை. இதற்கு முன்னோடியான இஎஸ்என்ஐ வந்தபோது, 2020 ஜூலை முடிவில் சீனாவின் வடிகட்டி அதைக் கண்டாலே துண்டிக்கத் தொடங்கியது. அப்படிப்பட்ட இடத்தில், போக்குவரத்தை மறையாக்கி வேறு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன், டோர் போன்ற மாற்றுவழிகள்தான் மிச்சம்.

சில நேரம் திறக்கிறது, சில நேரம் அறுகிறது என்றால் குழம்ப வேண்டாம். பிரவுசர் சர்வரோடு பேச இரண்டு முறைகள் உண்டு; வடிகட்டி பழைய டிசிபி முறையை மட்டும் பார்த்து, புதிய குவிக் முறையைப் பார்க்காமல் விட்டிருக்கலாம். பழைய வகை ஐபி எண்களான ஐபிவி4 முகவரிகளை மட்டும் பட்டியலிட்டு, புதிய வகையான ஐபிவி6-ஐ மறந்திருக்கலாம்.

அறிகுறி: சுற்றிக்கொண்டே இருக்கிறது, கடைசியில் "நேரம் கடந்துவிட்டது"

ஆறுதல் சொல்ல முடியாத அறிகுறி இது. காரணங்கள் ஏராளம். கர்ல் எந்த வரியில் நின்றுபோகிறது என்று பாருங்கள்.

இணைப்பு முயற்சியிலேயே நின்றால், சர்வர் செத்திருக்கலாம், அல்லது அந்த ஐபி எண்ணுக்குப் போகும் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, நிறுவனம் சத்தமில்லாமல் குப்பையில் போடலாம். வேறு இணைப்பிலிருந்து அதே எண் கிடைக்கிறதா என்பதுதான் தீர்ப்பு. வழியில் உள்ள ரவுட்டர்களைப் பட்டியலிடும் ட்ரேஸ்ரூட் கட்டளையைப் போட்டு, பதில் வராத இடத்தில் அது இடும் நட்சத்திரங்களைக் காட்டி "இதோ பார், இங்கேதான் வெட்டுகிறார்கள்" என்று பலர் வாதாடுகிறார்கள். நடுவழி ரவுட்டர்கள் பல, கேட்டாலும் பதில் சொல்லாத சுபாவம் கொண்டவை. நட்சத்திரம் சாட்சி சொல்லாது.

இணைந்து, வணக்கம் சொன்ன பிறகு நின்றால், பெயரைப் படித்து விழுங்கிவிடும் வடிகட்டியாக இருக்கலாம். ஆனால் அப்பாவிக் காரணமும் உண்டு. பிபிபிஓஇ என்ற பிராட்பேண்ட் முறையில் வரும் இணைப்புகளில் ஒரு பாக்கெட்டின் அளவு 1500-க்குப் பதில் 1492 பைட்தான். ரவுட்டரில் இது சரியாக அமையாவிட்டால் சின்னச் சேதிகள் போகும், பெரியவை நடுவில் காணாமல் போகும். 2024-இலிருந்து குரோம் பிரவுசரின் வணக்கமும் புதிய மறையாக்கத்தால் பருத்துவிட்டது; பழைய கருவிகள் சில அதில் தடுக்கி விழுந்தன. பெயரை மாற்றித் தட்டும் சோதனையை இங்கேயும் செய்யுங்கள். எந்தப் பெயர் சொன்னாலும் நின்றால் அது பழுது. ஒரு பெயருக்கு மட்டும் நின்றால் முடக்கம்.

ஐபி எண்ணை மொத்தமாக வெட்டுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத முறை. எண்ணைப் பகிர்ந்துகொள்ளும் அக்கம்பக்கத்துத் தளங்கள் எல்லாம் சேர்ந்து சாகும். 2022 ஆகஸ்டில் ஆஸ்திரியாவில் பதிப்புரிமை வழக்கு ஒன்றுக்காக ஏராளமான தளங்களுக்கு முன்னின்று போக்குவரத்தைக் கையாளும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சில ஐபி எண்களை முடக்கினார்கள். வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத தளங்கள் கொத்தாகப் போயின. இதைவிடப் பெரிய விபத்து 2008 பிப்ரவரி 24 அன்று நடந்தது. யூடியூப்பை நாட்டுக்குள் முடக்க, "அந்த எண்களுக்கு வழி என்னிடம்தான்" என்று பாகிஸ்தான் டெலிகாம் பொய் வழி அறிவித்தது. அந்த அறிவிப்பு எல்லை தாண்டிக் கசிந்தது. சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் இல்லை. ஆகவே நீங்கள் திறக்கப் பார்த்தது சமையல் குறிப்புத் தளம் என்றாலும், அது முடக்கத்தில் சிக்கியிருக்க வழி உண்டு. "இதையெல்லாம் யார் முடக்கப் போகிறார்கள்" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அறிகுறி: திறக்கிறது, ஆனால் நத்தை

எழுத்து வருகிறது, படங்கள் வரமாட்டேன் என்கின்றன. படங்கள் வேறு டொமைனிலிருந்து வரும். அது மட்டும் முடங்கியிருக்கலாம். பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் "நெட்வொர்க்" பகுதியைத் திறந்தால், சிவப்பாக நிற்கும் டொமைன் எது என்று தெரியும். அதை எடுத்து மேலே சொன்ன சோதனைகளை ஓட்டுங்கள்.

எல்லாமே மெதுவாக இருந்தால் வேண்டுமென்றே இழுத்துப்பிடிப்பதாக இருக்கலாம். 2021 மார்ச்சில் ரஷ்யா ட்விட்டரை இப்படி மெதுவாக்கியது. ட்விட்டரின் சுருக்க முகவரியான டி-புள்ளி-கோ என்ற எழுத்துத் தொடரைத் தேடிப் பிடிக்கச் சொல்லி விதி எழுதினார்கள். ரெட்டிட் டாட் காம், மைக்ரோசாஃப்ட் டாட் காம் இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், இரண்டுக்குள்ளும் அந்தத் தொடர் இருக்கிறது! அவையும் சேர்ந்து நொண்டின. இந்த வகையை நிரூபிக்க ஒரே வழி, அதே நேரத்தில் அதே இணைப்பில் மற்ற தளங்களின் வேகத்தையும் அளந்து பக்கத்தில் வைப்பது. அதுவும் பல நாள், பல வேளை.

அறிகுறி: தளம்தான் என்னைத் துரத்துகிறது

403, "அணுகல் மறுக்கப்பட்டது", முடிவில்லாமல் நீளும் "நீங்கள் மனிதர்தானா" கேள்விகள். நான்காம் படி வரை வந்துவிட்டீர்கள், ஆகவே பெரும்பாலும் இது தளத்தின் முடிவு. உங்கள் நாட்டுக்குச் சேவை இல்லை என்றோ, உங்கள் ஐபி எண்ணுக்குக் கெட்ட பெயர் என்றோ இருக்கும். நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் ஒரே எண்ணைப் பகிரும் இணைப்புகளில், யாரோ ஒருவர் செய்த சேட்டைக்கு எல்லோரும் அடி வாங்குவார்கள்.

முடக்கமே இப்படி வேஷம் போட்டு வந்த கதையும் உண்டு. 2008 டிசம்பரில் பிரிட்டனில், ஒரு பழைய இசைத்தட்டின் அட்டைப்படத்துக்காக விக்கிப்பீடியாவின் ஒரு பக்கம் தடைப் பட்டியலில் சேர்ந்தது. அந்த ஒரு பக்கத்தைப் பிடிக்க, பல இணைய நிறுவனங்கள் விக்கிப்பீடியாவுக்குப் போகும் அத்தனை போக்குவரத்தையும் ப்ராக்ஸி எனப்படும் சில இடைநிலை சர்வர்கள் வழியாகத் திருப்பின. விக்கிப்பீடியாவின் கண்ணுக்கு ஆயிரக்கணக்கானோர் ஒரு சில எண்களிலிருந்து வருவதுபோலத் தெரிந்தது. விஷமிகளைத் தடுக்க அந்த எண்களைத் தடுத்ததும், நாட்டில் ஏராளமானோரால் பெயரில்லாமல் தொகுக்க முடியாமல் போனது. சில நாளில் தடையை விலக்கிக்கொண்டார்கள்.

"விபிஎன் போட்டால் திறக்கிறதே, அப்போ முடக்கம்தானே?"

அவசரப்படாதீர்கள். வேறு பாதையில் போனால் திறக்கிறது என்பது மட்டும்தான் இதில் நிரூபணம். டிஎன்எஸ் பழுது, பாதைக் கோளாறு, பாக்கெட் அளவுச் சிக்கல், தளம் உங்கள் நாட்டைத் தடுத்தது என எல்லாமே விபிஎன் போட்டால் சரியாகிவிடும். துப்பு துலக்க விபிஎன் மோசமான கருவி. அதைக் கடைசியில் போடுங்கள். இலவச விபிஎன் என்றால், இணைய நிறுவனத்திடம் மறைத்ததை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுக்கிறீர்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். சில நாடுகளில் தடையைத் தாண்டுவதே குற்றம். உங்கள் ஊர்ச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். மோசடித் தளம், வைரஸ் பரப்பும் தளம் என்று முடக்கப்பட்டவையும் உண்டு. தாண்டிப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கையில் சாட்சி சேர்ந்த பிறகு

தேதி, நேரம், எந்த இணைப்பு, பிழையின் சரியான வாசகம், இரண்டு டிஎன்எஸ் பதில்கள், கர்ல் வெளியீடு ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். இவ்வளவு கைவேலை வேண்டாமென்றால் ஓனி ப்ரோப் என்ற இலவசச் செயலி இந்தச் சோதனைகளில் பலவற்றைத் தானே செய்யும். அதன் முடிவுகள் வழக்கமாகப் பொதுவெளியில், எந்த நிறுவன இணைப்பு என்பதோடு வெளியாகும். முடக்கப்பட்ட தளத்தைத் தொட்டுப் பார்த்ததே வம்பாகும் இடத்தில் வசிப்பவர்கள் அதை யோசித்து இயக்கவும்.

இணைய நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசாமல், எழுத்தில் கேளுங்கள். "தளம் திறக்கவில்லை" என்று எழுதினால் ரவுட்டர் மந்திரம்தான் பதிலாக வரும். "இந்த டொமைன் உங்கள் தடைப் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால் யாருடைய உத்தரவு, எந்தத் தேதி?" என்று கேளுங்கள். உதவி எண்ணில் பேசுபவருக்குப் பெரும்பாலும் அந்தப் பட்டியல் தெரியாது, அவரிடம் கோபப்பட்டுப் பலனில்லை. புகார் எண் வாங்கிக்கொண்டு, நெட்வொர்க் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தவறுதலாகச் சிக்கிய தளம் என்றால் தளத்தின் உரிமையாளருக்கும் உங்கள் கோப்பை அனுப்புங்கள். தன் தளம் எங்கே முடங்கியிருக்கிறது என்பது பல நேரம் அவருக்கே தெரியாது.

தடை நீங்கியதாகப் பதில் வந்தபின்னும் திறக்காவிட்டால், புதுச் சண்டை தொடங்கும் முன் கணினியின் டிஎன்எஸ் நினைவை அழித்து, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் உதவி எண்ணில் சொல்வது சரி.